லஸ்மினியின் உப்புத்தண்ணீர்த் தொட்டி

தண்ணீருக்குள் எது நெளிந்தாலும் லஸ்மினிக்குப் பொறுக்காது. சுரபாயாவில் அவள் குடியிருந்த சந்துக்குக் கொசுப்புழு பார்க்கிறவள் அவள்தான். வெள்ளிக்கிழமை காலையானால் டார்ச் லைட்டும் மருந்துப் பொட்டலமுமாகக் கிளம்பிவிடுவாள். குளியல் தொட்டி, பூச்சாடித் தட்டு, கோழிக்கு வைத்த சட்டி, எதையும் விடமாட்டாள். நெளிந்தால் மருந்து, அவ்வளவுதான். மற்ற நாட்களில் சந்து முனையில் குப்பாங் என்னும் பொடிச்சிப்பி விற்பாள். அரிசி அளவுச் சிப்பியில் மண் பொறுக்கிப் பொறுக்கி அவள் கண் அப்படிக் கூர்மையாகியிருந்தது.

இப்பேர்ப்பட்டவளின் வீட்டுக்குத்தான் அவள் புருஷன் தர்சோனோ கடல்மீன் வளர்க்கிறேன் என்று கண்ணாடித் தொட்டி வாங்கி வந்தான். கென்ஜெரான் கரையிலிருந்து கேன் கேனாகக் கடல்தண்ணீர், மீன் சந்தையிலிருந்து ஓட்டையும் உடைசலுமாகப் பவழப்பாறை. மீன் மட்டும் வரவில்லை. தண்ணீர் பக்குவப்பட்ட பிறகுதான் மீன் விடவேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

"மீனில்லாத தொட்டிக்கு இவ்வளவு பவுசா? அந்தத் தண்ணியில கருவாடாவது ஊறப்போடலாம்" என்று லஸ்மினி இடித்துக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் காலையில் கண்ணாடியைத் துடைக்கும்போது உள்பக்கம் வெள்ளைப் புள்ளி ஒன்று துள்ளியது. பக்கத்தில் இன்னொன்று. உற்றுப் பார்த்தால் கண்ணாடி முழுக்கப் புள்ளி.

"ஏங்க! ஓடி வாங்க! நம்ம வீட்டுலயே புழு!"

தர்சோனோ வாயில் பல்குச்சியோடு வந்து நின்றான். "கடல்தண்ணியில கொசு எங்கடி முட்டை போடும்?"

"உப்பங்கழியில போடுதே! வெள்ளிக்கிழமை நம்ம வீட்டைப் பாக்க முர்தினி அக்கா வர்றாங்க. ஊருக்கெல்லாம் மருந்து போடுறவ வீட்டுல புழுன்னா நான் வெளிய தலைகாட்ட முடியுமா?"

பயத்துக்குக் காரணம் இருந்தது. புழு பார்க்கிறவள் தன் வீட்டைத் தானே பார்க்கக்கூடாது, அடுத்த சந்துக்காரிதான் பார்க்கவேண்டும். அடுத்த சந்து முர்தினியுடையது. முர்தினி சண்டைமீன் வளர்ப்பவள். போன மழைக்காலத்தில் அவள் வாசலில் இருந்த ஜாடியில் என்னவோ நெளிகிறதென்று, முர்தினி சொல்லச் சொல்லக் கேட்காமல், லஸ்மினி மருந்தைக் கொட்டிவிட்டாள். அது மீன்குஞ்சுகளுக்காக வளர்த்த தண்ணீர்ப்பூச்சியாம். பூச்சி போனதும் தீனியில்லாமல் குஞ்சுகளும் போயின. அதிலிருந்து முர்தினி முகம் கொடுப்பதில்லை.

லஸ்மினி பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள். ஆனால் கை நின்றது. கொசுப்புழு மூச்சுவிட மேலே வந்து தலைகீழாகத் தொங்கும். இதுகள் மேலே வரவே இல்லை. கொஞ்சம் ஊர்வது, ஒரு துள்ளு, மறுபடி ஊர்வது. பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தாள்.

"ஐயோ, இதுக்கு ஒத்தக் கண்ணுங்க! வால் பக்கத்துல ரெண்டு மூட்டை தொங்குது... முட்டைங்க, முட்டை! புள்ளத்தாச்சி!"

பொட்டலம் அலமாரிக்குத் திரும்பியது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு தண்ணீர் மறந்துபோயிற்று. பாறையடியில் இறால்போல வளைந்து ஒருக்களித்து ஓடியது ஒன்று. கடுகளவு வெள்ளைச் சுருளுக்குள்ளிருந்து சிவப்பு விசிறி விரிந்தது, விரலை ஆட்டினால் பட்டென்று உள்ளே போனது. ஒரு கால் குறைந்த நட்சத்திரமீன், விரல்நகத்தைவிடச் சின்னது, கண்ணாடியில் நிதானமாக ஏறியது. அதைக் கண்ட அன்று லஸ்மினி கத்திய கத்தலில் அண்டைவீட்டார் பாம்போ என்று ஓடிவந்தார்கள்.

"நெளிஞ்சா மருந்துன்னு சொன்ன அம்மாவைக் காணோமே, நீ பாத்தியா?" என்று தர்சோனோ நட்சத்திரத்திடம் விசாரித்தான். ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்துக் கடைக்காரரிடம் காட்டி வந்தான். "எல்லாம் பாறையோட வந்த விருந்தாளிங்களாம். அந்தத் துள்ளுற புள்ளி இருக்கே, மீன்குஞ்சுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாதாம்."

லஸ்மினிக்கு முர்தினியின் ஜாடி நினைவுக்கு வந்து நெஞ்சில் உறுத்தியது.

வெள்ளிக்கிழமை முர்தினி வந்தாள். குளியலறையைப் பார்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்து டார்ச்சைத் தொட்டியில் அடித்தாள். கொசுப்புழு வெளிச்சத்தைக் கண்டால் ஓடும். இதுகளோ வெளிச்சத்துக்கு மொய்த்துக்கொண்டு வந்தன.

"நெளியுது" என்று முர்தினி பொட்டலத்தை எடுத்தாள்.

"அக்கா, அது புழு இல்லக்கா. மீன்குஞ்சுக்குத் தீனி."

"ஓகோ. நானும் அன்னைக்கு இதைத்தானே சொன்னேன்? நெளிஞ்சா மருந்துன்னியே."

என்னென்னவோ சொல்ல வைத்திருந்தாள் லஸ்மினி. எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். "அன்னைக்கு நான் குனிஞ்சுகூடப் பாக்கலக்கா. தப்பு என்னோடதுதான். போடுறதுன்னா போடுங்க."

முர்தினி பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. பார்க்கப் பொறுக்காமல் லஸ்மினி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. மருந்து கொட்டுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏய்! இங்க வாடி, சீக்கிரம்! அந்த ஓட்டையில என்னமோ மீசையை நீட்டுது!"

திரும்பினால், முர்தினி தரையில் குந்தி மூக்கைக் கண்ணாடியில் வைத்திருந்தாள். பிரித்த பொட்டலம் மடியில் அப்படியே கிடந்தது.

"மீசையா? எந்த ஓட்டையில? நான் பாக்கலையே!" லஸ்மினி பாய்ந்து வந்து உட்கார்ந்ததில் இரண்டு தலையும் முட்டிக்கொண்டன. "அக்கா, முதல்ல பொட்டலத்தைக் கட்டுங்க, சிந்திடப்போகுது!"

"கட்டுறேன், இரு" என்றாள் முர்தினி, ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "நான் குனிஞ்சு பாக்குறவ."