குளிர்பெட்டிக்கு வெளியே மூன்று மணி நேரம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன் நான். அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் வருகைப் புத்தகத்தில் போட்ட கையெழுத்துதான்.

வீடு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில். விடியும் முன்பே பேருந்து பிடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போவேன். பதினான்கு வருடமாக ஆய்வுக்கூடங்களைக் கூட்டித் துடைக்கும் வேலை. துப்புரவுக் குத்தகைக்காரரின் ஆள் நான். வருடத்துக்கு ஒருமுறை வேலையைப் புதுப்பிப்பார்கள். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இப்போதெல்லாம் வாளியைத் தூக்கும் முன்பே களைப்பு வந்துவிடுகிறது.

மூன்றாம் மாடியில் ஒரு பெண் டாக்டர் இருக்கிறார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்கிறவர். என்னை அண்ணே என்று கூப்பிடுவார். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். எனக்குப் பேச வராது. ஒரே ஒரு நாள், அவருடைய குளிர்பெட்டியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டுவிட்டேன்.

"சருகுமான் பால்ல இருக்கிற ஒரு புரதம் அண்ணே."

"அதுல யாரு பால் கறந்தா?"

அவர் சிரித்துவிட்டார். "யாரும் கறக்கலலா. ஈஸ்ட்டுக்குள்ள செய்ய வெச்சு எடுத்தோம். இந்த மாதிரி புரதம் நம்ம கண்ணீர்லயும் எச்சில்லயும்கூட இருக்கு. கிருமிக்கு வேண்டிய இரும்பை இது புடிச்சு வெச்சுக்கும். கிருமி பட்டினி கெடக்கும்."

பசு, ஆடு, எருமை இவற்றின் புரதம் எப்படி மடிந்து சுருண்டிருக்கிறது என்று ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்களாம். சருகுமானுடையதை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமானால் அது கற்கண்டு போலக் கட்டியாக வேண்டும். அதன் மேல் எக்ஸ்ரே பாய்ச்சினால் உள்ளே இருக்கும் அமைப்பு தெரியும். பிளாஸ்டிக் தட்டில் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. மூன்று வருடமாக அவருக்கு அந்தப் படிகம் வரவில்லை, கலங்கல்தான் வந்தது. பெட்டிக் கதவில் 'ஜாங்ஙான் புக்கா' என்று மலாயில் பெரிதாக ஒட்டியிருந்தார். திறக்காதே என்று அர்த்தம். அது எனக்குப் படிக்கத் தெரியும்.

போன ஆயுத பூஜை அன்று அவர் விடுப்பு எடுத்திருந்தார். செபராங் ஜெயாவில் அவர் வீட்டிலும் பூஜை. நான் வழக்கம்போல என் வாளி, மாப், தரை தேய்க்கும் மிஷின் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்தேன். பிறகு அந்தக் குளிர்பெட்டி கண்ணில் பட்டது. கதவு ரப்பர் ஓரமெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை. என் வாளிக்குப் பொட்டு வைத்துவிட்டு அவருடைய ஆயுதத்தை அழுக்கோடு விட எனக்கு மனம் வரவில்லை. திறந்தேன். நான்கு தட்டுகளையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டுத் துடைக்க ஆரம்பித்தேன். பக்கத்துப் பள்ளிவாசலில் மதியப் பாங்கு கேட்டது.

பாதி துடைக்கும்போது சூப்பர்வைசர் அக்கா வந்து நின்றார்.

"சாமி கும்பிட்டது போதும் அண்ணே! கீழ தண்டாஸ்ல பைப் ஒடைஞ்சு வெள்ளமா ஓடுது. இன்னும் கொஞ்ச நேரம் போனா நீந்தித்தான் உள்ள போகணும். வாங்க!"

கழிப்பறைத் தண்ணீரை இறைத்து முடித்து மேலே வந்தபோது மாலை அஸார் பாங்கு கேட்டது. தட்டுகள் வியர்த்திருந்தன. வெளிப்பக்கத்தைத் துணியால் ஒற்றி, அதே வரிசையில் உள்ளே வைத்தேன். பெட்டியின் பின்புறம், சுவரைப் பார்த்திருக்கும் பக்கத்தில், யார் கண்ணிலும் படாதபடி, ஒரு பொட்டும் வைத்தேன்.

ஒன்பது நாள் கழித்து டாக்டர் போட்ட கத்தல் நடைபாதை வரை கேட்டது. "அண்ணே, வந்து பாருங்க!" உருப்பெருக்கிக் கண்ணாடியில் கண்ணை வைத்தேன். சொட்டுக்குள் சிவப்புச் சிவப்பாகப் பொடிக்கற்கள். என் குங்குமம்தான் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். "இரும்பு புடிச்சா இந்தக் கலர்தான் அண்ணே," என்றார் அவர். எனக்கு மூச்சு வந்தது. வாயைத் திறக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

அந்தப் படிகங்களை எக்ஸ்ரேக்காக வெளிநாட்டுக்கு அனுப்பினார். உறைய வைத்ததில் எல்லாம் விரிசல் விட்டுப் படம் வரவில்லை. மறுபடி தட்டு வைத்தார். வரவில்லை. மாதக்கணக்கில் வைத்துக்கொண்டே இருந்தார். வந்தது கலங்கல்தான்.

ஒரு நாள் நான் குப்பைக்கூடையைக் காலி செய்யும்போது சொன்னார்: "எனக்கு ஜூன் வரைக்கும்தான் வேலை அண்ணே. ஒரு தடவ வந்தது ஏன் திரும்ப வரலன்னு தெரிஞ்சாப் போதும். வேற ஒண்ணும் வேணாம்."

எனக்குத் தெரியும். ஆனால் முன்பு எங்கள் துப்புரவு ஆள் ஒருவர் வேறு மாடியில் ஏதோ பிளக்கைப் பிடுங்கியதற்காக அடுத்த நாளே வேலையை விட்டு அனுப்பப்பட்டார். அதை நினைத்து இன்னும் இரண்டு வாரம் சும்மா இருந்தேன். பேருந்தில் உட்கார்ந்தால் தூக்கம் வரும். அந்தத் தூக்கமும் போயிற்று. கடைசியில் மாப்பைப் பிடித்தபடி, தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"ஆயுத பூஜை அன்னிக்கு நான் தொறந்தேன் டாக்டர்."

"எதை?"

"பெட்டிய. தொடைக்கிறதுக்கு. தட்டெல்லாம் மேசையில இருந்துச்சு."

"எவ்ளோ நேரம்?"

"மதியப் பாங்குக்கு எடுத்தேன். அஸார் பாங்குக்கு வெச்சேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "மூணு மணி நேரம். குளிர்ல இருந்து சூட்டுக்கு, திரும்பக் குளிருக்கு." பிறகு குரல் ஏறியது. "ஆறு மாசம்லா அண்ணே! ஆறு மாசமா உப்பை மாத்துறேன், தண்ணிய மாத்துறேன். பெட்டிய மட்டும் தொறக்கத் தெரிஞ்சுது, வாயத் தொறக்கத் தெரியலியா?"

அவர் கேட்டது நியாயம்.

அன்றே புதுத் தட்டுகள் வைத்தார். இரண்டு நாள் குளிரில் விட்டு, பாதியை மூன்று மணி நேரம் மேசையில் வைத்து எடுத்தார், மீதியைத் தொடவில்லை. ஒன்பதாம் நாள் நான் கழிப்பறை கழுவும் இடத்துக்கே தேடி வந்தார்.

"வந்துருச்சு அண்ணே. வெளிய வெச்சதுல மட்டும்." சிரித்தார், ஆனால் அவர் முகத்திலும் களைப்புதான் இருந்தது. "அன்னிக்கு என்ன செஞ்சீங்கன்னு உங்க கையால எழுதித் தரணும். என் குறிப்பேட்டுல ஒட்டணும். நான் கேட்டு எழுதினா, யாரு பாத்தான்னு எங்க பேராசிரியர் கேப்பாரு."

"பேரு போடணுமா?"

"போடணும். நான் அவர்கிட்ட பேசுறேன். ஆனா ஒண்ணும் ஆகாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

அவர் நீட்டிய தாளைக் கையில் வாங்கிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. தினமும் வீட்டுக்கு வந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, நாளைக்கு எழுதலாம் என்று படுத்துவிடுவேன். ஜூன் வர அதிக நாள் இல்லை.

அவர் கேட்டது நான்கு வரி. அதை அவர் தந்த தாளில் எழுதிப் பெயரும் போட்டுவிட்டேன், காலையில் கொடுத்துவிடுவேன். பேனாவைக் கீழே வைக்க மனமில்லாமல் மீதியை இந்த வேறு தாள்களில் எழுதினேன்.

மே மாதம் 11, திங்கட்கிழமை.