மூச்சுத் தந்த கை

திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியதால் எனக்குக் குடலிறக்கம். ஒப்பரேசன் நாள் காலை ஆஸ்பத்திரியில், மயக்கம் கொடுக்கும் டொக்டர் சுண்டுவிரல் நகத்தால் காது குடைந்து, எடுத்ததை முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“தசையெல்லாம் தளர ஊசி போடுவன். மூச்சும் நிண்டுபோம்.”

ஊசி இல்லாமலே என் தசைகள் தளர்ந்துவிட்டன. “ஐயோ, பிறகு?”

“நான் காத்துப் பையை அமத்தி மூச்சுத் தருவன். கொஞ்ச நேரத்தில உங்கட இரத்தமே மருந்தை உடைச்சுப்போடும்.”

“உடைக்க ஏலாட்டி?”

“சிலருக்கு ஏலாதுதான். அது உடைக்கும்வரைக்கும் விடாமல் அமத்துவன்.”

“கையைக் கழுவிப்போட்டு அமத்துங்கோ டொக்டர்!”

என் இரத்தமும் என்னைப் போலவே சோம்பேறி. பின்னேரம்வரை அவர் ஓயாமல் அமத்தினாராம். கண்விழித்ததும் தாதி சொன்னார். நன்றி சொல்ல டொக்டரின் கையைப் பிடிக்கப் போனேன். பாதியில் நிறுத்திக் கும்பிட்டுவிட்டேன். அது மரியாதையா அருவருப்பா என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.