கிழித்துப் பார்த்த முக்கோணங்கள்

ஆசிரியர்கள் அறையில் அவளுக்கு 'அட்டை டீச்சர்' என்று பெயர். வைத்தவர் வேதியியல் வாத்தியார்; வேலை மெனக்கெட்டுப் பட்டப்பெயர் வைக்கிற மனிதர். ஆனாலும் பெயரில் பொய்யில்லை. வடிவங்கள் வெட்டி ஒட்டுவதற்காகக் காலி அட்டைப்பெட்டி எங்கே கிடந்தாலும் அவள் விடமாட்டாள். பேருந்து ஓட்டுகிற அவள் கணவர், "இது வீடா, பசை கம்பெனியா? சாப்பிட உக்காந்தா தட்டு ஒட்டிக்குது" என்பார். சொல்லிக்கொண்டே தானும் ஒரு கத்தரியை எடுத்துக்கொள்வார்.

கணக்கு வராது என்று எல்லாரும் கைகழுவிய பிள்ளைகளை ஒரே வகுப்பாக்கி அவள் தலையில் கட்டியிருந்தார்கள். அவளும் தற்காலிக ஆசிரியைதானே, வாயைத் திறப்பாளா? முதலில் பலகையில் எழுதித் தொண்டை வறண்டாள். எருமைமாட்டின் மேல் மழை பெய்த கதைதான். பிறகே கத்தரியைப் பிள்ளைகள் கையில் கொடுத்தாள். காகிதத்தில் முக்கோணம் வெட்டி, மூன்று முனைகளையும் கிழித்து, முனையோடு முனை சேர்த்து ஒட்டினால் நேர்கோடு வரும். மூன்று கோணங்களும் சேர்ந்தால் நூற்றெண்பது பாகை.

"நான் சொல்றேன்னு நம்பாதீங்க. எந்த முக்கோணம்னாலும் கிழிச்சுப் பாத்துட்டு எழுதுங்க."

வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் அன்று சண்டை போட்டுக்கொண்டு கிழித்தார்கள்.

தலைமையாசிரியைக்கு அந்தக் குப்பை ஆகவில்லை. "ஆண்டுத் தேர்வுல பாதிப் பேராவது தேறணும். இல்லேன்னா உங்க அட்டையும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். 

தேர்வன்று அவளுக்கு, தன் பிள்ளைகள் எழுதிய அறைக்கு எதிர் அறையில் மேற்பார்வை. கேள்வித்தாளிலேயே விடையும் எழுத வேண்டும். நடுவில் பெரிய முக்கோணம். இரண்டு கோணம் கொடுத்து மூன்றாவதைக் கேட்டிருந்தார்கள். அவள் சன்னல் வழியாகப் பார்த்தாள். முதல் பெஞ்சுப் பெண் அளவுகோலை அழுத்திப் பிடித்துத் தாளின் முக்கோணத்தைக் கிழித்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்துப் பெண். பிறகு வகுப்பே. அங்கே மேற்பார்வைக்கு இருந்த வேதியியல் வாத்தியார் செய்தித்தாளில் மூழ்கியிருந்தார்.

குரல் கொடுத்தால் விடை சொல்லிக்கொடுத்த பழி வரும். இரண்டு கையையும் ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டினாள். டீச்சர் உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்த அந்தப் பெண், சிரித்துவிட்டு அடுத்த முனையை இன்னும் கவனமாகக் கிழித்தாள்.

தேர்வு முடிந்ததும் தலைமையாசிரியை முன்னால் கைகூப்பி நின்றாள். "மேடம், பதிலெல்லாம் சரியாத்தான் இருக்கும். ஒரு தடவ பாருங்க, கெஞ்சிக் கேக்கறேன்."

"கிழிஞ்ச தாளை வெளியில திருத்தறவங்க தொடவே மாட்டாங்கம்மா. அது விதி. நான் என்ன பண்ண முடியும்?" அவர் விடைத்தாள் கட்டைக் கயிறு போட்டு இறுக்கினார்.

வெளியே வந்தால் வகுப்பே அவளுக்காகக் காத்திருந்தது. எல்லார் விரலிலும் பசை. எங்கோ ஒளித்து எடுத்துப்போயிருக்கிறார்கள், பாவிப் பிள்ளைகள்!

"டீச்சர், எல்லாருக்கும் நேர்கோடு வந்துச்சு!"

அவள் ஒரு பெண்ணின் பசை விரலைத் தன் முந்தானையில் துடைத்தாள். "நேராவா வந்துச்சு?"

"ஆமா டீச்சர்," என்றாள் முதல் பெஞ்சுப் பெண். "இந்தத் தடவ நாங்க யாரும் யாரையும் பாத்து எழுதல."