மங்கை கேட் வரைக்கும் வந்த கதை

காலை 9.10. செம்மண்டலத்தில் டவுன் பஸ்ஸுக்காக நிற்கிறேன். நிற்க யார் விடுகிறார்கள்? பஸ் வருவதற்குள் மூன்று பேர் வந்து "உக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு எழுபத்தொரு வயது. இரண்டு வருடத்துக்கு முன் பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து இப்போது நாலுகால் கைத்தடியோடு நடக்கிறேன். எனக்கு உட்கார்ந்து எழுவதுதான் சிரமம், நிற்பதில் ஒன்றுமில்லை. இதை ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க ஆயுசு போதாது.

சிதம்பரத்துக்குப் போகிறேன். அங்கே வண்டிகேட் பக்கம் மகன் வீட்டில் மங்கையர்க்கரசி இருக்கிறாள். மஞ்சக்குப்பத்து அலுவலகம் ஒன்றில் இருபத்தாறு வருடம் எனக்குப் பக்கத்து மேஜை. முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து மூன்று மாதமாகிறது. டாக்டர் நடக்கச் சொல்லியும் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். இப்படியே விட்டால் முட்டி இறுகிப்போய் அப்புறம் யாராலும் மடக்க முடியாது என்று சொல்லிவிட்டு, பயிற்சி கொடுக்க வந்த பெண்ணும் வருவதை நிறுத்திவிட்டாளாம். இதைப் போனில் ஏதோ சினிமா கதை மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே கிளம்பிவிட்டேன்.

9.50. கடலூர் பஸ் நிலையம். சிதம்பரம் பஸ்ஸின் முதல் படி கிட்டத்தட்ட என் முழங்கால் உயரம். அதில் ஏற எனக்கு ஒரு முறை இருக்கிறது. கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, பிறகு கெட்ட காலையும் தடியையும் மேலே கொண்டுவர வேண்டும். அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைத்தான் யாரும் தர மாட்டேன் என்கிறார்கள். பின்னாலிருந்து ஒருவர் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்க, மேலேயிருந்து கண்டக்டர் தடி பிடித்த கையையே பிடித்து இழுக்க, என் கால் இரண்டும் அந்தரத்தில். மாதாவே! "விடுங்கய்யா!" என்று கத்திவிட்டேன்.

"ஒத்தாசதானம்மா பண்றோம், இன்னாத்துக்கு இம்மாங் கோவம்?" என்றார் கண்டக்டர்.

"நீங்க என்னப் புடிக்காதீங்க. கைய நீட்டுங்க, வேணும்னா நான் புடிச்சிக்கிறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான?"

ஒன்றா? அவர் பிடித்து அவர் விட்டால் விழுவது நான்தானே! அதைச் சொல்வதற்குள் விசில் ஊதிவிட்டார். டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய்.

நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஆலப்பாக்கம் தாண்டியதும் காற்று நன்றாக வந்தது. பக்கத்து சீட்டு அம்மா ரசிக்க விட்டால்தானே?

"தனியாவா வர்றீங்க? புள்ளைங்க இல்லியா?"

"இருக்காங்க."

"இருந்துமா தனியா உட்டாங்க?"

"அவுங்க உடல. நாந்தான் அவுங்கள உட்டுட்டு வந்தேன்."

முட்லூரில் வேறு சீட்டு காலியானதும் அந்த அம்மா எழுந்து மாறி உட்கார்ந்துகொண்டார்.

11.25. சிதம்பரம். ஆட்டோ எண்பது ரூபாய். மங்கையின் மருமகள் கவிதா தங்கமான பெண். பிரச்சினையே அதுதான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதில் பிளாஸ்க், மாத்திரை, சீப்பு, கூப்பிட ஒரு மணி. அந்தப் பக்கம் கமோட் சேர். முட்டிக்கு அடியில் இரண்டு தலையணை. ஆபரேஷன் ஆன முட்டிக்கு அடியில் தலையணை வைக்கவே கூடாது என்று, நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்துக் கட்டில்காரியிடம் நர்ஸ் தலைபாடாக அடித்துக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். போன வேகத்தில் உருவி எடுத்தேன்.

"அத்தைய ஒரு வேல செய்ய உடறதில்ல ஆன்ட்டி. தல கூட நாந்தான் வாரி உடறேன்" என்றாள் கவிதா, பெருமையாக.

"ஏன்டி மங்கை, ஆபரேஷன் முட்டியிலயா கையிலயா?"

"சும்மா இரு பிலோ. எவ்ளோ நல்லாப் பாத்துக்கிறா!"

மத்தியானச் சாப்பாடும் கட்டிலுக்கே வந்தது. கெஞ்சினேன், திட்டினேன், என் தடியை ஊன்றி ஊன்றி நடந்து காட்டினேன். எல்லாவற்றுக்கும் "நாளைக்குப் பாக்கலாம்" என்ற ஒரே பதில்தான். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

4.00. நாலு நாற்பதுக்கு பஸ். பையை எடுத்தேன். "சரி, போயிட்டு வா" என்றாள் மங்கை, படுத்தபடியே.

அப்போதுதான் எனக்கு நிஜமான கோபம் வந்தது. கடலூரில் இருந்தபோதும் சரி, இங்கே வந்த பிறகும் சரி, கேட் வரைக்கும் வராமல் அவள் என்னை அனுப்பியதே இல்லை. காய்ச்சலில் போர்வையைப் போர்த்திக்கொண்டுகூட வந்திருக்கிறாள்.

"வந்தவளப் படுத்துகினே அனுப்புறியே, இது எந்த ஊரு மரியாதடி? நீ கேட்டுக்கு வந்தாத்தான் நான் போயிட்டு வரேன்னு சொல்லுவேன்" என்று பையை வைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

முகம் சுண்டிப்போய்விட்டது அவளுக்கு. "பயமா இருக்கு பிலோ. உழுந்துட்டா?" என்றாள்.

"எனக்கும் பயந்தான்டி. தெனம் பயந்துகிட்டேதான் நடக்குறேன்."

அவள் காலைக் கீழே தொங்கப்போட்டாள். பீரோவுக்குப் பின்னாலிருந்து வாக்கரை எடுத்து வந்தாள் கவிதா. சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை! ஹாலைக் கடக்கவே பத்து நிமிடம். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னாலேயே வந்த கவிதாவை, "தொடாத, தொடாத" என்று அதட்டிக்கொண்டே போனேன். வாசலில் இரண்டு படி. வாக்கரைக் கவிதா கீழே இறக்கி வைக்க, மங்கை சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது படியில் ஆடிவிட்டாள். என்னையறியாமல் நானே அவள் அக்குளில் கையைக் கொடுத்துவிட்டேன்.

"கைய எடுடி" என்றாள் மங்கை. "நான் புடிச்சிக்கிறேன்."

வெட்கமாகப் போய்விட்டது. கையை எடுத்து நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். அடேயப்பா, என்ன பிடி!

4.52. கேட். பஸ் போயே போய்விட்டது. அவளுக்கு ஜாக்கெட் முழுக்க வியர்வை, கண்ணில் தண்ணீர். எனக்கும்தான். "போயிட்டு வரேன்" என்றேன். "வாடி" என்றாள்.

5.10. சிதம்பரம் பஸ் நிலையம். போன் அடித்தது. கவிதாதான், அழாத குறை.

"ஆன்ட்டி, அத்த இன்னும் உள்ள வர்ல. கேட்டப் புடிச்சிகிட்டு எதுத்த வூட்டு அக்காகிட்ட பேசிகிட்டே நிக்கிறாங்க. நான் கூப்புட்டா கேக்கல. நீங்களாச்சும் சொல்லுங்க."

முதல் நாளே இவ்வளவு நேரமா நிற்பாள், பைத்தியக்காரி? "போன அவகிட்ட குடு" என்றேன்.

"இன்னாடி?" என்றாள் மங்கை. நான் வாயைத் திறப்பதற்குள், "அப்பறம் பேசறேன், இங்க முக்கியமான சேதி ஓடிகிட்டு இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

நாற்பத்தைந்து கிலோமீட்டர் வந்து, நாள் முழுக்கக் கத்தி, பஸ்ஸையும் விட்டுவிட்டு நிற்கிறேன் நான். என்னோடு பேச அவளுக்கு நேரமில்லையாம்!