இடப்பக்கம் நின்றவனின் ஈட்டி

ஹெரன்ஹாம் சதுப்பு நிலத்தில் மில்த்ரித்தைவிட நன்றாகப் பார்லி மது காய்ச்சியவர் எவருமிலர். விலாங்கு பிடிப்பவரின் மகளாகப் பிறந்து, பதினெட்டு வயதில் டன்னாவுக்கு வாழ்க்கைப்பட்டு, அவன் வீட்டுக் கொல்லையிலேயே தன் கொப்பரைகளை ஏற்றியவள். ஆயினும் ஊரார் அவளைப் பற்றிப் பேசுவது மதுவின் பொருட்டன்று. ஈட்டி ஒன்றைத் திருப்பித் தர மறுத்ததன் பொருட்டு.

அந்த ஈட்டி பிரபு ஓர்த்லாஃப் கொடுத்தது. அவருடைய ஓலைகளையும் செய்திகளையும் ஊர் ஊராகச் சுமந்து செல்வது டன்னாவின் பணி. அதற்கென்று ஈட்டியும் கேடயமும் செந்நிறக் குதிரையும் பெற்றிருந்தான். பிரபு அளித்த ஆயுதம் ஆள் உயிரோடிருக்கும் வரையில்தான் அவனுடையது. அவன் இறந்தால் பிரபுவின் மண்டபத்துக்கே திரும்பிவிடும். ஒரே ஒரு விலக்கு உண்டு. போரில் பிரபுவின் கண்ணெதிரே வீழ்ந்தவனின் ஆயுதத்தை எவரும் கேட்பதில்லை. அது மனைவியிடமே தங்கும். இரத்த மாதத்தில், குளிர்காலத்துக்கென மாடுகளை அறுத்து முடித்தபின் நடக்கும் விருந்தில், பாணன் அவன் பெயரைச் சொல்லிப் பாடுவான்.

முந்தைய ஆண்டு விருந்தில் தேன்மதுக் கிண்ணம் தன் கைக்கு வந்தபோது டன்னா எழுந்து நின்றான். கிண்ணத்தைப் பிடித்தபடி சொன்ன சொல்லை அங்கே எவரும் திரும்பப் பெற முடியாது.

"கேடய வரிசையில உங்க இடப்பக்கம் நான் நிப்பேன், ஐயா. என் மூச்சு இருக்கிற வரைக்கும் அந்த இடம் காலியாகாது."

"முதல்ல குதிரையில இருந்து ஒழுங்கா இறங்கக் கத்துக்கோடா! நேத்துச் சேத்துல விழுந்தவன்தானே நீ!" என்று எவனோ கத்தினான். பெஞ்சுகள் அதிரச் சிரித்தார்கள். பிரபு மட்டும் சிரிக்கவில்லை. வாக்கை ஏற்றதன் அடையாளமாகத் தம் கையிலிருந்த வெள்ளி வளையத்தைக் கழற்றி டன்னாவுக்கு அணிவித்தார்.

அறுவடை முடிந்த வாரத்தில் கொள்ளைக்காரர்களின் கப்பல்கள் ஆற்றில் ஏறி வந்தன. துறைக் கரையில் சண்டை நடந்தது. பகற்பொழுது முழுவதும் கரையை விட்டுக்கொடுக்காமல் நின்ற கூட்டத்தைக் கண்டு சலித்து, மாலையில் நீர் கடலுக்கு வடிந்தபோது கப்பல்கள் திரும்பிவிட்டன. டன்னாவை ஒரு கதவுப் பலகையில் கிடத்திச் சுமந்து வந்தார்கள். மில்த்ரித் தன் கையாலேயே அவன் உடலைக் கழுவினாள். காயங்கள் அனைத்தும் மார்பிலும் முகத்திலும் இருந்தன. முதுகு பழுதில்லாமல் இருந்தது.

சில நாள்களில் மணியக்காரர் தாத்வின் அவள் கொல்லைக்கு வந்தார்.

"ஏம்மா மில்த்ரித், துக்க வீட்டுக்கு இந்த மாதிரி விஷயத்துக்கு வரக்கூடாதுதான். என்ன பண்றது, என் வேலை அப்படி. ஈட்டி, கேடயம், குதிரை, எல்லாத்தையும் மண்டபத்துல சேர்த்துடு."

"பிரபு முன்னால விழுந்தவனோட ஆயுதத்தைக் கேக்கிற வழக்கம் எப்ப வந்துச்சு?"

"பிரபு முன்னால விழுந்திருந்தா யாரு கேக்கப் போறா?"

"இவரு அவரோட இடப்பக்கம் நின்னாரு. அப்ப பிரபு எங்க இருந்தாரு?"

தாத்வின் கொப்பரைக்குள் எட்டிப் பார்த்தார். "இந்தத் தடவை நல்லா நுரைக்குது," என்றார். பிறகு விருந்தன்று கொண்டுவந்தால் போதுமென்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அன்றே மில்த்ரித் விப்பாவைத் தேடிப் போனாள். விப்பா டன்னாவின் கூட்டாளி. அதே கரையில் நின்று ஒரு காதை இழந்து திரும்பியவன். பன்றிப் பட்டிக்கு வேலி கட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணி, என்னை எதுவும் கேக்காதீங்க. நானும் பிரபு கையால வளையம் வாங்கினவன்."

"நான் அவரைக் கேக்கலை. டன்னாவைக் கேக்கிறேன்."

விப்பா கையிலிருந்த கழியைக் கீழே போட்டான். "ரெண்டு பக்கமும் கொள்ளைக்காரங்க ஏறி வந்துட்டாங்க. பிரபு பின்னால ஆல்டர் மரத் தோப்பைப் பார்த்துப் போனாரு. மிச்ச ஆளுங்களைக் கூட்டிட்டு வரப் போறாருன்னு நாங்க நெனச்சோம். அங்க யாருமே இல்லை அண்ணி. டன்னா ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். காலி இடத்துப் பக்கம் நகர்ந்து, ரெண்டு இடத்தையும் அவனே அடைச்சுக்கிட்டு நின்னான். அவன் நின்னதாலதான் நாங்களும் நின்னோம்." பிறகு தாழ்ந்த குரலில், "இதை நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க," என்றான்.

"சொல்ல மாட்டேன்."

வீடு திரும்பும் வழியில் அவள் பிரபுவைச் சபிக்கவில்லை. வெள்ளம் வயல்களைத் தின்ற ஆண்டில் தம் களஞ்சியத்தைத் திறந்துவிட்டு, ஊரோடு சேர்ந்து தாமும் கூழ் குடித்தவர் அவர். அவரைக் கீழே தள்ள வேண்டுமென்ற எண்ணம் அவளுக்கு இல்லை. ஈட்டியைக் கொடுத்துவிட்டால் அவர் மானம் தப்பும். ஆனால் டன்னா வாக்களித்த இடத்தில் இல்லாதவன் என்றாகிவிடும். விருந்தில் அவன் பெயர் வராது. ஒருவரின் வெட்கத்தை மூடிவைக்க இன்னொருவரின் பெயரைக் கொடுப்பதா? அதற்கு அவள் மனம் இடங்கொடுக்கவில்லை.

விருந்து நாளன்று நண்பகலில், கேடயத்தையும் குதிரையையும் வீட்டிலேயே விட்டு, ஈட்டியை மட்டும் தோளில் சாய்த்தபடி மண்டபத்துக்குப் போனாள். வாயிற்காவலன் மறித்தான்.

"ஆயுதத்தோட உள்ள போகக் கூடாது. வெளிய சாத்தி வைம்மா."

"இதைக் கொண்டுவந்து குடுன்னு சொன்னதே உங்க மணியக்காரர்தான். வெளிய சாத்திட்டு உள்ள போய் என்னத்தைக் குடுக்கிறது?"

காவலன் யோசித்து முடிப்பதற்குள் அவள் உள்ளே நடந்துவிட்டாள்.

மண்டபத்தின் நடுவே நீண்டு கிடந்த அடுப்பின் இருபுறமும் பிரபுவின் போர்த்தோழர்கள் அமர்ந்திருந்தார்கள். பிரபுவின் இடப்பக்க இருக்கை காலியாக இருந்தது. எவரும் அதில் உட்காரத் துணியவில்லை. தாத்வின் எழுந்து கை நீட்டினார். மில்த்ரித் அவரைத் தாண்டிச் சென்று பிரபுவின் முன் நின்றாள்.

"ஐயா, போன வருஷம் இதே இடத்துல என் புருஷன் ஒரு வார்த்தை சொன்னாரு. நீங்க வளையம் போட்டீங்க. அவரு உடம்பைக் கழுவினது நான். காயம் எல்லாம் முன்பக்கம்தான். அவரு நின்ன இடத்துல நீங்களும் இருந்திருந்தா, இந்த ஈட்டி என்னோடது. நீங்க இல்லைன்னா, இதை வாங்கிக்கோங்க. ஆனா இல்லைன்னு உங்க வாயாலயே சொல்லிட்டு வாங்கிக்கோங்க."

"வாயை மூடு! யாருகிட்ட பேசற?" என்று தாத்வின் சீறினார்.

"என் புருஷனோட பிரபுகிட்ட."

விப்பா தன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒருமுறையும் அவன் பக்கம் பார்க்கவில்லை.

ஓர்த்லாஃப் ஈட்டிக் காம்பின்மீது கை வைத்தார். வாங்கிக்கொள்ளப் போகிறார் என்றே எல்லோரும் எண்ணினார்கள். அவர் அதைத் தள்ளி அவள் மார்போடு சேர்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"நான் அங்க இல்லை," என்றார். "தோப்புக்குப் போயிட்டேன். ஆளைக் கூட்டிட்டு வரப் போனேன்னு இத்தனை நாளா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கூட்டறதுக்கு அங்க ஆளே இல்லைன்னு எனக்குத் தெரியும். பயந்துட்டேன். என் இடத்துலயும் சேர்த்து நின்னவன் டன்னா."

பெஞ்சுகளில் ஒரு முனகல் எழுந்தது. மூத்த தோழர் ஹெரிரிக் கிண்ணத்தைப் பலகையில் ஓங்கி வைத்தார். "அப்ப நாங்க யாருக்கு வாக்கு குடுத்தோம்?"

"அதை நீங்க முடிவு பண்ணுங்க. போறவங்க போகலாம். வளையத்தைத் திருப்பிக் கேக்க மாட்டேன். கப்பல் மறுபடி வரும். வந்தா, கரையில முதல் ஆளா நான் நிப்பேன். என்கூட யாரும் வரலைன்னாலும் நிப்பேன்." கிண்ணம் எதுவும் கையில் இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தவர்போலத் தேடி, ஒன்றை எடுத்துப் பிடித்துக்கொண்டு, அதே சொற்களை மீண்டும் ஒருமுறை சொன்னார்.

"எங்க நிப்பீங்கன்னு இப்ப ஊருக்கே தெரியும், ஐயா. அங்கயே வந்து பாக்கிறோம்," என்றாள் மில்த்ரித்.

முதலில் எழுந்தவன் விப்பா. மண்டபத்தைக் குறுக்காகக் கடந்து, காலியாக இருந்த இடப்பக்க இருக்கையில் போய் அமர்ந்தான். ஹெரிரிக் அவனை முறைத்தார், பிரபுவையும் முறைத்தார். பிறகு, "நகர்ந்து உக்காருடா, ஒத்தக்காது," என்று சொல்லி அவனருகில் இடம் பிடித்தார். இருவர் வெளியேறினார்கள். மற்றவர்கள் போகவில்லை.

பாணன் மடியில் யாழை வைத்துக்கொண்டு மில்த்ரித்தைப் பார்த்தான். "டன்னா யாரோட மகன்னு சொல்லும்மா. அப்பா பேரு இல்லாம பாட்டுல வைக்க முடியாது."

"தில்பெர்த்தோட மகன். மேட்டுக்கரை தில்பெர்த்."

அவள் ஈட்டியைத் தரையில் ஊன்றி நின்று கேட்டாள். பாட்டு முடியும்வரை ஓர்த்லாஃப் உட்காரவில்லை.