லண்டனிலிருந்து வந்த சிரிப்பு

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் என் மகன் வீட்டுச் சமையலறையில், மிக்ஸிக்கும் காபி இயந்திரத்துக்கும் நடுவில் ஒரு சிறிய ஒலிபெருக்கி உட்கார்ந்திருக்கிறது. வாயால் கேட்டால் எதையும் பாடும். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் அதிலிருந்து ஒரு கூட்டமே திடீரென்று சிரித்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

“அம்மா, நீ சின்ன வயசுல கேட்டேன்னு சொல்வியே, லண்டன் ரேடியோ காமெடி, பாட்டு ப்ரோக்ராம், அதெல்லாம் கிடைக்குது. மொத்தத்தையும் டவுன்லோட் பண்ணி வெச்சிருக்கேன். ஒரு வருஷத்துக்கு உனக்கு போர் அடிக்காது,” என்றான் மகன்.

“அதுல சிரிக்கிறவங்க யாரும் இப்ப உயிரோட இருக்க மாட்டாங்கடா.”

“சாட்டர்டே காலையிலயே ஆரம்பிச்சிட்டியா?” என்று சொல்லிவிட்டு அவன் ஜிம்முக்குப் போய்விட்டான். பிள்ளைகள் அன்பானவர்கள்தான். ஓய்வுபெற்ற தாயை ஒரு வருஷத்துக்கு ஓரிடத்தில் உட்காரவைக்கும் வழி கிடைத்தால் அவர்களும் என்னதான் செய்வார்கள்?

அந்தச் சிரிப்பை நான் முதன்முதலில் கேட்டது திண்டுக்கல்லில், ஒன்பது வயதில். எங்கள் வீட்டு ரேடியோ ஒரு சிறிய பெட்டகம் அளவு இருக்கும். அதை வைத்துக்கொள்வதற்குத் தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்க வேண்டும். தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்த அப்பா, கெடு முடிய நிறைய நாள் இருக்கும்போதே அதை முடித்துவிடுவார். அரசாங்கத்துக்கு அடுத்தபடியாக அவர் முழுதாக நம்பியது லண்டன் வானொலியை. ஞாயிற்றுக்கிழமை மாலையானால் குடும்பம் முழுவதும் அதன் முன் உட்கார வேண்டும். முதலில் நேயர் விருப்பம் போல ஒரு பாட்டு நிகழ்ச்சி, அதற்குப் பின் நகைச்சுவை நாடகம். இரண்டையும் விடாமல் கேட்டால் இங்கிலீஷ் தானாக வந்துவிடும் என்பது அப்பாவின் சித்தாந்தம். இத்தனை வருஷம் கேட்டும் அவருக்கே ஏன் வரவில்லை என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

நாடகத்தில் யாரோ படபடவென்று ஏதோ சொல்வார்கள். லண்டனில் அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரிப்பார்கள். அப்பா உடனே சிரிப்பார். அப்பா சிரித்தபின் நாங்கள் சிரிப்போம். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள், கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

“என்னப்பா சொன்னான்?” என்று கேட்டால், அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, “மழையப் பத்தி,” என்பார். அந்த நாட்டு நகைச்சுவை அத்தனையும் மழையைப் பற்றியது என்றே நான் கல்லூரிக்குப் போகும்வரை நினைத்திருந்தேன்.

சிற்றலை நிலையம் ஓரிடத்தில் நிற்காது. நூலிழை நகர்ந்தால் சீனமோ ரஷ்யமோ வந்துவிடும். குமிழைப் பிடித்துக்கொண்டு அது நழுவ நழுவத் திருப்பிக் கொண்டுவர ஒரு பொறுமையான கை தேவைப்பட்டது. அந்த வேலை என்னிடம் இருந்தது. வேறு யாராவது குமிழைத் தொட்டால் அப்பா அதட்டுவார்.

சித்தப்பா லண்டனில் இருந்தார். ஒரு கட்டடக் கம்பெனியில் படம் வரையும் வேலை. கல்யாணம் முடிந்த சில மாதங்களில் கப்பலேறியவர், வீடு பார்த்ததும் சித்தியை அழைத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். சித்தி எங்களோடு இருந்தார். இரண்டு வருஷமாகியும் வீடு கிடைக்கவில்லை. லண்டன் சிறிய ஊராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பாவின் கடிதங்கள் அப்பா பெயருக்கு வரும். அது அன்றைய முறை. அண்ணன் இருக்கும் வீட்டில் தம்பி தன் மனைவிக்குத் தனியாகக் கடிதம் எழுதுவது மரியாதைக் குறைவு. கடைசி வரியில் “வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்” என்று இருக்கும். அந்த ‘அனைவரும்’ தான்தான் என்று சித்தி எடுத்துக்கொள்ள வேண்டும். நானும் என் தம்பியும் பசுமாடும் அதே சொல்லுக்குள் இருந்தோம்.

“எப்பக் கூட்டிட்டுப் போறாராம்? உங்க அப்பாகிட்டக் கேளு பாப்பா,” என்பார் சித்தி. அப்பா எதிரிலேயே இருப்பார். ஆனால் கணவனின் அண்ணனோடு நேராகப் பேசக் கூடாது; எல்லாம் என் வழியாகத்தான் போக வேண்டும்.

“அந்த ஊர் ரூல்ஸ் இன்னும் இடம் கொடுக்கலன்னு சொல்லு,” என்பார் அப்பா. அதையும் நான் கொண்டுபோய்ச் சேர்ப்பேன், இரண்டடி தூரத்துக்கு.

பாட்டு நிகழ்ச்சியில் யார் யாருக்காகப் பாட்டுக் கேட்டிருக்கிறார்கள் என்று வாசிப்பார்கள். அதன் சாரத்தை அப்பா எங்களுக்குச் சொல்வார். “மலாயாவுல இருக்கிற சிப்பாய் ஒருத்தன் ஊர்ல இருக்கிற பொண்டாட்டிக்காகக் கேட்டிருக்கான்.” உடனே ஒரு வயலின் கூட்டம் இழைய ஆரம்பிக்கும். “பொண்டாட்டி பேர ஊரறியச் சொல்றானே, வெக்கம் கெட்டவன்,” என்பாள் அம்மா. “இந்தப் பாட்டு என்ன, யாராவது செத்துட்டாங்களா?” சித்தி அடுப்படி வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு பாட்டு முடியும்வரை நிற்பார். பாட்டு முடிந்து நாடகம் ஆரம்பித்ததும் உள்ளே போய்விடுவார்.

அப்புறம் ஒரு கடிதத்தில் சித்தப்பா எழுதியிருந்தார்: நீங்கள் கேட்கும் அந்த நாடகத்தை இங்கே ஓர் அரங்கத்தில் பதிவு செய்கிறார்கள், அனுமதி இலவசம், உள்ளே கதகதப்பாக இருக்கும், வெளியே குளிர் தாங்க முடியாததால் அடிக்கடி போகிறேன், சீக்கிரம் போனால் முன் வரிசையில் இடம் கிடைக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாடகம் ஆரம்பித்தபோது சித்தி உள்ளே போகவில்லை. வந்து எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“பேசுறப்போ மெதுவா வையி பாப்பா. சிரிக்கிறப்போ மட்டும் பெரிசா வையி.”

“ஏன் சித்தி?”

“உங்க சித்தப்பா சிரிப்பு எனக்குத் தெரியும்டி.”

எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஊரெல்லாம் சிரித்து ஓய்ந்தபிறகு சித்தப்பா ஆரம்பிப்பார். கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கும்போது எண்ணெய் போடாத கிணற்று உருளை மாதிரி ஒரு கிறீச்சல் வரும். கல்யாணப் பந்தியில் அந்தச் சத்தத்துக்கே இலைகள் குலுங்கும். ஆனால் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், கடல் இரைச்சல் மாதிரி வந்து வந்து போகும் ஒலியில், ஒரு கூட்டத்துக்குள் ஒருவர் சிரிப்பைத் தேடுவது எந்த வகை முயற்சி என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி சித்தி தலையைச் சாய்த்துக்கொண்டு தேடினார். வாரா வாரம் தேடினார்.

அப்பாவுக்குப் பெருமை. லண்டன் போவதற்காகத் தம்பி மனைவி இங்கிலீஷ் கற்றுக்கொள்கிறாள் என்று அலுவலகத்தில் சொன்னார். அம்மாதான் விடவில்லை.

“இங்க பால் பொங்குறது கேக்கல. லண்டன்ல எவனோ சிரிக்கிறது கேக்குதாக்கும்!”

“நீங்க பாத்துக்கங்கக்கா. இந்தா வந்துட்டேன்,” என்பார் சித்தி, அசையாமல்.

அது நடந்த ஞாயிறு நல்ல மழை. மழை நாளில் இரைச்சல் அதிகமாக இருப்பதுதான் வழக்கம். அன்றைக்கென்னவோ பக்கத்துத் தெருவிலிருந்து பேசுவது மாதிரி தெளிவாக இருந்தது. நாடகத்தில் ஒருவன் எதிலோ தடுக்கி விழுந்தான். கூட்டம் சிரித்தது. சிரித்து அடங்கியது. அடங்கியபிறகு ஒரு கிறீச்சல் வந்தது.

சித்தி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“சித்தப்பா!” என்று நான் கத்தினேன். அப்பா துள்ளி எழுந்தார். “ஏய், என் தம்பிடீ! கேட்டியா?” என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மாகூடக் கீரையைக் கீழே வைத்துவிட்டாள். சித்தியின் முகத்தில் அப்போது இருந்ததை நான் பிறகு எந்த முகத்திலும் பார்க்கவில்லை. பிரசவ அறைகளிலும் விமான நிலையங்களிலும் தேடியிருக்கிறேன்.

மறுபடியும் சிரிப்பு. மறுபடியும் கிறீச்சல். இந்தத் தடவை அதைத் தொட்டுக்கொண்டே ஒரு பெண்ணின் சிரிப்பும் வந்தது. மெல்லியது. கூட்டம் சிரித்தபோது அது சிரிக்கவில்லை. சித்தப்பாவின் கிறீச்சலைக் கேட்டுத்தான் சிரித்தது. அந்தச் சத்தத்தை ஏற்கெனவே பலமுறை கேட்டு, அது எப்போது வரும் என்று தெரிந்து காத்திருப்பவர்கள் சிரிக்கும் சிரிப்பு.

“பாப்பா, ஒரு பொம்பளை சிரிக்கிறது உனக்குக் கேக்குதா?”

“கேக்குது சித்தி. சித்தப்பா சிரிச்சா அவங்களும் சிரிக்கிறாங்க.”

அப்பா குனிந்தார். என் கையை விலக்கிவிட்டுக் குமிழை ஒரு திருப்புத் திருப்பினார். வெறும் இரைச்சல் வந்தது.

“அலை போயிருச்சு,” என்றார்.

“போகலப்பா. நல்லாத்தானே இருந்துச்சு?”

“போயிருச்சுன்னா போயிருச்சு. உங்க சித்தியை உள்ள போகச் சொல்லு.”

நான் சொல்வதற்காகத் திரும்பினேன். சித்தி என்னைப் பார்க்கவில்லை. அப்பாவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொண்டுவரச் சொல்லுங்க மாமா,” என்றார்.

அப்பாவிடம் அவர் நேராகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். அப்பா கையை எடுத்தார். நான் குமிழைப் பிடித்து நிலையத்தை ஒரே திருப்பில் கொண்டுவந்து நிறுத்தினேன். கிறீச்சலும் அதன் பின்னாலேயே அந்த மெல்லிய சிரிப்பும் முன்னைவிடச் சுத்தமாகக் கேட்டன. சித்தி கடைசி இசை முடியும்வரை உட்கார்ந்து கேட்டார். பிறகு எழுந்து, “உளுந்து ஊறப்போடணும்க்கா,” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பிற்பாடு பாஸ்போர்ட் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, எந்த நாட்டுக்கு யார் யாரை எந்த விதியில் அழைத்துக்கொள்ளலாம் என்பது எனக்கு மனப்பாடமானது. அந்தக் காலத்தில் லண்டனில் வேலை பார்த்தவன் தன் மனைவியை அழைத்துக்கொள்ள எந்த விதியும் தடையாக இருந்ததில்லை. கணவன் கேட்டால் போதும். ‘ரூல்ஸ்’ முழுவதும் அப்பா இயற்றியது. ஒரு சிரிப்பு சாட்சியாகாது என்பதும் எனக்குத் தெரியும். எந்த அதிகாரியும் அதை ஏற்க மாட்டான். சித்தி மேல்முறையீடு எதுவும் செய்யவில்லை. சித்தப்பா வரவுமில்லை, அழைக்கவுமில்லை. எங்கள் வீட்டு அடுப்படியில் நாற்பது வருஷத்துக்குமேல் ‘அனைவரும்’ ஆக இருந்துவிட்டு, ஒரு ஆடி மாதத்தில் சித்தி போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைத்தது என் தம்பி.

ஆனால் ஒன்பது வயதில் என் வருத்தம் வேறு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாடகம் ஆரம்பித்ததும் அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சித்தியைக் கூப்பிட்டேன்.

“எனக்குத்தான் இங்கிலீஷ் புரியாதே பாப்பா. நீ போய்க் கேளு,” என்றார்.

அன்றைக்கும் ஒலி தெளிவாக வந்தது. இரைச்சல் என்பதே இல்லை. இவ்வளவு நாள் பொறுத்திருந்துவிட்டு, சரியாகக் கேட்க ஆரம்பித்த நேரத்தில் போய் விட்டுவிட்டாரே என்று எனக்குச் சித்திமேல் கோபம் கோபமாக வந்தது.