இவரை நான் நேரில் அறிவேன்

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு எதிர் வீட்டு ரோஸ்லின் ஒரு ஃபாரத்தோடு வந்து நின்றாள்.

"சார், ஒரு கையெழுத்து வேணும். இன்னிக்கு நாலு மணிக்குள்ள காலேஜ்ல கொடுக்கணும்."

கோவளத்துப் பெண். அப்பா கட்டுமரத்தில் போகிறவர். எட்டாம் வகுப்பிலிருந்து கிழக்குத் தாம்பரத்தில், எங்கள் எதிர் வீட்டு டீச்சரான தன் சித்தியோடு தங்கிப் படிக்கிறாள். சனிக்கிழமை ஊருக்குப் போய்த் திங்கள் காலை திரும்புவாள். எஸ்.எஸ்.எல்.சி.யில் இவள் கணக்கில் வாங்கிய மார்க்கை நான் வாங்கியிருந்தால், என் அப்பா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்திருப்பார். பி.யு.சி.க்கு இடமும் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு காகிதம்தான் பாக்கி...

நன்னடத்தைச் சான்றிதழ். பள்ளிக்கூடம் தந்தது போதாதாம். ஒரு கெஜட்டட் ஆபீசர், 'இவரை நான் மூன்று வருடங்களாக நேரில் அறிவேன். நல்ல நடத்தை உள்ளவர். என் உறவினர் அல்ல' என்று கையெழுத்துப் போட்டு முத்திரை குத்த வேண்டும். நாலு மணிக்குள் வராவிட்டால் இடம் வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவருக்கு. ரோஸ்லின் கோவளத்துக்கு.

கெஜட்டட் ஆபீசராக நான் கையெழுத்துப் போட்ட பச்சை மைப் பேனா இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஆனால் மார்ச் மாதம் ரிட்டையர் ஆகிவிட்டேன். இந்தப் பெண்ணை நாலு வருடமாகத் தினமும் பார்க்கிறேன் - நான் அறிந்தது செல்லாது. சர்வீஸில் இருந்தபோது, முகமே பார்த்திராத எத்தனையோ பிள்ளைகளை 'நேரில் அறிந்திருக்கிறேன்' - அது செல்லும். இதில் எது பொய், எது நிஜம்? மூன்று மாதமாக எனக்கு வேறு வேலை இல்லை. இருந்தும் விளங்கவில்லை.

அவளுக்குத் தெரிந்த ஒரே ஆபீசர் நான். நானோ இப்போது ஆபீசர் இல்லை. சரி, என்னிடம் வேலை பார்த்த தணிகாசலம் சைதாப்பேட்டையில் ஆபீசராக இருக்கிறாரே என்று அவளை எலெக்ட்ரிக் ட்ரெயினில் கூட்டிப் போனேன்.

தணிகாசலம் எழுந்து நின்றார். காப்பி வரவழைத்தார். ஃபாரத்தைப் படித்தார். உட்கார்ந்துவிட்டார்.

"சார், இந்தப் பொண்ணை இப்பதானே பார்க்கறேன். மூணு வருஷமாத் தெரியும்னு எப்படி சார் எழுதறது?"

"எனக்குத் தெரியும்ப்பா."

"உங்களுக்குத் தெரியும் சார். ஆனா நீங்கதான் ரிட்டையர் ஆயிட்டீங்களே. முன்னபின்ன தெரியாதவங்களுக்குக் கையெழுத்துப் போடாதேன்னு நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க?"

சொல்லியிருப்பேன். நான் கடைப்பிடிக்காத விதிகளை மற்றவர்களுக்குச் சொல்வதில் எனக்கு எப்போதுமே தாராள மனசு.

அந்த நேரம் பார்த்து பியூன் இன்னொரு ஃபாரத்தைக் கொண்டுவந்து வைத்தான். தணிகாசலம் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முத்திரை. முடிந்தது.

"இது யாரு?" என்றேன்.

"பெரிய ஆபீசரோட மச்சான் பையன் சார்."

"பையனைத் தெரியுமா?"

"பெரிய ஆபீசரைத் தெரியும் சார்." முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அவர் பார்வையில் இரண்டும் ஒன்றுதான். மார்ச் மாதம் வரை என் பார்வையிலும்.

மணி பன்னிரண்டு. வேறு எந்த ஆபீஸ், வேறு எந்த ஆபீசர் என்று நான் மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். அதுவரை வாயே திறக்காத ரோஸ்லின் மெல்லக் கேட்டாள்.

"சார், நீங்க ஞாயித்துக்கிழமை கோவளம் வருவீங்க இல்ல? பச்சை ஸ்கூட்டர்ல?"

தணிகாசலம் நிமிர்ந்தார். "மாமனார் வீடு கேளம்பாக்கம்மா. அங்க போறப்ப மீன் வாங்கிட்டுப் போவேன். உனக்கு எப்படி..."

"ஒவ்வொரு மீனா செவுளைத் தூக்கிப் பார்ப்பீங்க சார். எங்கம்மா சத்தம் போடுவாங்க."

"அந்தம்மாவா? 'இன்னா சார், மீன் வாங்க வந்தியா, வைத்தியம் பார்க்க வந்தியா'ன்னு கேக்குமே... அதுவா?"

"அவங்கதான் சார். பக்கத்துல உக்காந்து மீனை ஓலையில சுத்தித் தர்றது நான். மூணு வருஷத்துக்கு மேலயே உங்களுக்கு என்னைத் தெரியும் சார். முகத்தைத்தான் பார்த்ததில்ல."

தணிகாசலம் இப்போது பார்த்தார். மீன் வாங்குகிறவர் யார் சுற்றித் தருகிறவளின் முகத்தைப் பார்க்கிறார்? கண்ணெல்லாம் செவுளில்.

"ஒரு தடவையாவது கெட்ட மீனைக் குடுத்திருக்கமா சார்?" என்றாள் ரோஸ்லின்.

அவர் கொஞ்சம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "இல்லம்மா. ஒரு தடவைகூட இல்ல."

பேனா மூடியைத் திறந்து எழுதினார். மூன்று வருடம். நேரில். நல்ல நடத்தை. உறவினர் அல்ல.

என் சர்வீஸ் முழுக்க நான் பார்த்த நன்னடத்தைச் சான்றிதழ்களில், விசாரித்து எழுதப்பட்டது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மூன்றே காலுக்குக் காலேஜில் கொடுத்தோம். கவுன்ட்டரில் இருந்தவர் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கட்டோடு கட்டாக வைத்தார். இடம் உறுதி. ரோஸ்லின் சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும்.

முடியவில்லை. அந்தக் கணக்கு மார்க்கை அன்று முழுக்க ஒருவர்கூடக் கேட்கவில்லையே? நாலு வருடம் விழுந்து விழுந்து படித்தவள் காலேஜுக்குள் போனது எதனால்? படிப்பாலா, என்னாலா, தணிகாசலத்தின் மாமனாராலா?

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேவிட்டேன். "ஏம்மா, அவர் சைவமா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

விரல் விட்டு எதையோ எண்ணினாள். பிறகு கேட்டாள்.

"சார், உங்களுக்குத் தெரிஞ்ச ஆபீசருங்கள்ல மீன் சாப்பிடறவங்க இன்னும் யாராவது இருக்காங்களா? எங்க ஊர்ல இன்னும் ரெண்டு பொண்ணுங்க பி.யு.சி.க்கு எழுதிப் போட்டிருக்காங்க."

லிஸ்ட் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.